ஒரு எழுத்துதானே

என் மகளின் பிறப்புச் சான்றிதழில் அவள் பெயர் வாளி என்று இருந்தது.

தண்ணீர் பிடிக்கிற வாளி. குளியலறையில் குழாய்க்கு அடியில் இருக்கிறதே, அதேதான். நான் அவளுக்கு வைத்த பெயர் வாழி. வாழ்க, நன்றாக இரு என்று அர்த்தம். பள்ளிக்கூடத்துத் தமிழ்ப் புத்தகத்தில் வாழ்த்துப் பாட்டு வருகிற பக்கங்களில் அந்தச் சொல்லைப் பார்த்திருக்கிறேன். அதை ஒரு பெண்ணுக்குப் பெயராக வைத்து நான் கேட்டதில்லை. முத்திரை, கையெழுத்து, பதிவு எண் எல்லாம் ஒழுங்காக இருந்த அந்தத் தாளில் ஒரே ஓர் எழுத்துதான் தப்பு. அதனால் என் பிள்ளை பாத்திரக்கடைச் சாமான் ஆகிவிட்டாள்.

தாளை வாங்கி வந்தவர் என் கணவர். மேசைமேல் வைத்துவிட்டு, பெரிய காரியத்தை முடித்துக்கொடுத்தவரைப் போல மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து சட்டைப் பொத்தானைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"இதுல பேரைப் படிங்க" என்றேன்.

எட்டிப் பார்த்தார். "வாளி. சரியாத்தானே இருக்கு?"

அவர் வாயில் ழ நிற்காது. நாக்கு மடங்கப் போகும், பாதி வழியிலேயே சோம்பல்பட்டு ள-வில் விழுந்துவிடும். மழை வந்தால் மளை. பழம் வாங்கினால் பளம். லிஃப்ட் மெக்கானிக் என்பதால் பழுது என்ற சொல் அவருக்கு ஒரு நாளைக்கு நாற்பது தடவை வேண்டியிருக்கும், நாற்பது தடவையும் அது பளுதுதான். கல்யாணமாகி ஆறு வருஷமாக அதைக் கேட்டுச் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன். அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை.

"கொட்டை எழுத்துல சீட்டு எழுதி உங்க சட்டைப் பையில வச்சேனே. அது எங்க?"

"அது நீலச் சட்டையில போயிடுச்சு. அன்னிக்கு நான் போட்டுட்டுப் போனது வெள்ளை."

நீலச் சட்டை அன்று துவைக்கப் போயிருந்தது. பையிலிருந்து கூழாக ஏதோ வந்ததும், பழைய ரசீது என்று நினைத்து நானே அதை வழித்துப் போட்டதும் ஞாபகம் வந்தது.

மீதிக் கதையை ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்கினேன். பிறப்பை ஆஸ்பத்திரியே பதிந்துவிடும். பெயரை மட்டும் பெற்றவர்கள் போய்ச் சேர்க்க வேண்டும். பதிவு அலுவலக வாசலில் மேசை போட்டு ஒருவர் எல்லாருக்கும் ஃபாரம் நிரப்பிக் கொடுக்கிறார். இவர் கையில் சீட்டு இல்லை. வாயால் சொல்லியிருக்கிறார்.

"தண்ணி புடிக்கிற வாளியான்னு கேட்டாரு. எல்லாரும் இந்த ஜோக்கைத்தானே அடிக்கிறாங்க, அவரும் அடிக்கிறாருன்னு நெனச்சேன். ஆமா, அதேதான்னு சொல்லி நானும் சிரிச்சேன்."

"சிரிச்சீங்க."

"இப்ப நெனச்சுப் பாத்தா அவர் சிரிக்கல."

"கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி படிக்க மாட்டீங்களா?"

"படிச்சேனே. வாளின்னுதான் இருந்துச்சு."

அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, சமாதானமாக ஒரு வார்த்தை சொல்வதாக நினைத்துச் சொன்னார்.

"விடு. ஒரு எழுத்துதானே. மாத்திக்கலாம்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஏன் என்று சொல்கிறேன்.

நான் ஓர் ஆஸ்பத்திரியின் வெளிநோயாளிகள் பிரிவில் பேர் கூப்பிடுகிறவள். அங்கே எல்லாருக்கும் நான் மைக்கு. டாக்டர்கூட, "மைக்கு வந்தாச்சா?" என்றுதான் கேட்பார். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்து, பஞ்சு உறை போட்ட மைக்கில் ஒரு நாளைக்கு முந்நூறு பேரைக் கூப்பிடுவேன். மூன்று தடவை கூப்பிடுவோம். ஆள் எழுந்து வரவில்லை என்றால் ஃபைல் அடுக்கின் அடிக்குப் போய்விடும். ஒரு தடவை நான் லீவு போட்டிருந்தபோது எனக்குப் பதிலாக உட்கார்ந்தவள் ஒரு பெரியவரின் பேரில் ஓர் எழுத்தை மாற்றிப் படித்துவிட்டாள். வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று அவர் பேசாமல் இருந்துவிட்டார். ரத்தம் எடுப்பதற்காக வெறும் வயிற்றோடு வந்தவர், மத்தியானம் இரண்டு மணிக்கு நாற்காலியிலிருந்து சரிந்து விழுந்த பிறகுதான் அவர் ஃபைலைத் தேடினார்கள். ஒரு எழுத்துதானே என்று யார் சொன்னாலும் எனக்கு அந்த நாற்காலிதான் கண்முன்னால் வரும்.

பேர் வைக்காத பச்சைக் குழந்தைகளின் ஃபைலில் பேபி ஆஃப் என்று போட்டு, பக்கத்தில் தாயின் பேரை எழுதுவார்கள். மைக்கிலும் அப்படியே கூப்பிடுவேன். அடுத்த ஊசிக்கு வரும்போது பேர் வந்திருக்கும். பேபி ஆஃபைக் குறுக்கே அடித்துவிட்டு மேலே புதுப் பேரை எழுதுவோம். அந்த ஆஸ்பத்திரியில் எனக்குப் பிடித்த வேலை அது ஒன்றுதான்.

என் முதல் மகளின் ஃபைலில் யாரும் எதையும் அடிக்கவில்லை.

மூன்று வருஷத்துக்கு முன்பு பிறந்தாள். பத்தொன்பது நாள் இருந்தாள். அந்தப் பத்தொன்பது நாளும் எங்கள் வீட்டில் அவளுக்குப் பேர் தேடினார்கள். என் கணவரின் அக்கா, நான் அண்ணி என்று கூப்பிடுகிறவர், இரண்டு தெரு தள்ளி அழகு நிலையம் வைத்திருக்கிறார். "யாருக்குமே இல்லாத பேரா இருக்கணும். கூப்பிட்டா பத்து பேர் திரும்பிப் பார்க்கணும்" என்பது அவர் கட்சி. தினமும் ஃபோனில் ஒரு பட்டியலோடு வருவார். ஷ், ஸ், ஹ் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்று ஏறி உட்கார்ந்திருக்கும் பேர்கள். என் மாமனாருக்கு மூன்றெழுத்துக்கு மேல் போகக் கூடாது, அவருக்கு மூச்சு வாங்கும். என் கணவர், "அவங்க ரெண்டு பேரும் ஒத்துக்கட்டும்" என்று ஒதுங்கிக்கொண்டார். நான் மட்டும் என்ன செய்தேன்? ஒவ்வொன்றுக்கும் மூக்கைச் சுளித்தேன். பேருக்கு என்ன அவசரம், குழந்தை எங்கே ஓடிவிடப் போகிறது என்று நானும்தான் சொன்னேன். அதுவரை பாப்பா, குட்டி, செல்லம் என்று ஓட்டினோம்.

பதினேழாம் நாள் காய்ச்சல். என் ஆஸ்பத்திரிக்கே தூக்கிக்கொண்டு ஓடினோம். நான் உட்காரும் நாற்காலியில் உட்கார்ந்திருந்தவள் என் மைக்கில் "பேபி ஆஃப்" என்று ஆரம்பித்து என் பேரைச் சொன்னாள். நான் எழுந்தேன். இரண்டு நாள் கழித்து இன்னொரு அலுவலகத்தில் இன்னொரு ஃபாரத்துக்காகப் பேர் என்ன என்று கேட்டார்கள். "இன்னும் வைக்கல" என்றார் என் கணவர். அந்த 'இன்னும்' என்ற வார்த்தையை நான் இன்றைக்கு வரை மறக்கவில்லை.

அண்ணி ஆசைப்பட்டது நடந்தது. யாருக்குமே இல்லாத பேர் அவளுக்குக் கிடைத்தது.

அதனால்தான் இரண்டாவது பிறந்த மூன்றாம் நாளே, ஆஸ்பத்திரிக் கட்டிலில் வைத்தே, பேர் வைத்தாயிற்று என்று சொல்லிவிட்டேன். அழகுக்காக வைக்கவில்லை. அவளிடம் ஒன்று கேட்க வேண்டியிருந்தது. இரு, போய்விடாதே என்று ஒரு நாளைக்கு நூறு தடவை கேட்டால் பைத்தியம் என்பார்கள். பேராக வைத்துவிட்டால் எத்தனை தடவை வேண்டுமானாலும் கேட்கலாம்.

"வாளியா?" என்று மாமனார் சிரித்தார். "அடுத்தது பொறந்தா மக்குன்னு வச்சிடலாம்மா. செட்டா இருக்கும்."

அறையில் இருந்த எல்லாரும் சிரித்தார்கள். தையல் போட்ட வயிறு, என்னால் கத்தக்கூட முடியவில்லை. "ழ" என்று மட்டும் சொன்னேன். "வா-ழி." அவர்கள் வாயில் அது திரும்பத் திரும்ப வாளியாகவே வந்தது. போகட்டும், எழுத்திலாவது சரியாக இருக்கட்டும் என்று கொட்டை எழுத்தில் சீட்டு எழுதி இவர் பையில் வைத்தேன். அந்தச் சீட்டுதான் கூழாகிவிட்டது.

சான்றிதழ் வந்த அன்று சாயங்காலம் அண்ணி வந்தார். சான்றிதழைக் கையில் எடுத்தார். படித்துவிட்டுச் சிரிப்பை அடக்கப் பார்த்தார், முடியவில்லை. அவரைக் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். பிரசவம் முடிந்து வந்ததிலிருந்து எனக்குத் தலை வாரிப் பின்னிவிடுவது அவர்தான். குழந்தைக்கு நகம் வெட்ட நான் பயந்தபோது வெட்டிவிட்டவரும் அவர்தான். அதையெல்லாம் நினைத்துப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

"நான் அப்பவே சொன்னேன்" என்றார். "ஸ்கூல்ல சேத்தா மத்த பிள்ளைங்க விடுமா? பக்கெட்டு பக்கெட்டுன்னு ஓட்டியே அழ வச்சிடும். இதுவும் ஒரு வகையில நல்லதுக்குத்தான். எப்படியும் திருத்தணும். திருத்தறதோட திருத்தமா நல்ல பேரா மாத்திடலாம்ல? அதே ஃபாரம்தான்."

கைப்பையிலிருந்து ஒரு துண்டுச் சீட்டை எடுத்து மேசையில் வைத்தார். தன் கடை முகவரி அச்சடித்த சின்னத் தாள். அதில் பச்சை மையில் ஹ்ருஷிகா என்று எழுதியிருந்தது.

"இதுக்கு என்ன அர்த்தம் அண்ணி?"

"அர்த்தம் எல்லாம் யாரு பாக்கறாங்க? கேக்க எப்படி இருக்கு பாரு."

"தும்மற மாதிரி இருக்கு."

"உனக்கு எதுதான் புடிக்கும்? போன தடவையும் இப்படித்தான்..." என்று ஆரம்பித்தவர் நிறுத்திக்கொண்டார்.

என் கணவர் சான்றிதழைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். திருத்தம் வேண்டுமானால் தாய் தகப்பன் இரண்டு பேரும் நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டும் என்று பின்பக்கத்தில் பொடி எழுத்தில் அச்சடித்திருந்தது. அதாவது அவர் கையெழுத்துப் போடாவிட்டால் என் மகள் வாளிதான். அவர் அக்கா பேச்சைக் கேட்டால் ஹ்ருஷிகா. என் பேச்சைக் கேட்டால் மட்டும்தான் வாழி.

"அக்கா சொல்றதுலயும் ஒரு நியாயம் இருக்கு" என்றார் அவர், தாளைப் பார்த்தபடியே. "எழுத்தை மாத்தறதும் பேரை மாத்தறதும் ஒரே வேலைதான். பேர்தானே. நாம வீட்ல எப்படி வேணா கூப்பிட்டுக்கலாம்."

"உங்க லிஃப்ட்ல ஒரு நட்டு மாறிப் போயிட்டா என்ன செய்வீங்க?"

"எந்த லிஃப்ட்ல?"

"ஏதோ ஒரு லிஃப்ட்ல. அளவு மாறின நட்டு. போட்டாச்சு. லிஃப்டும் ஓடுது. விட்டுடுவீங்களா?"

"அது எப்படி விடறது? ஆள் ஏறி இறங்கற சாமான். உயிர் போயிடும்."

"ஒரு நட்டுதானே."

"ரெண்டும் ஒண்ணா?"

"எனக்கு ஒண்ணுதான்." என் குரல் ஏறிவிட்டது. மைக்கில் பழகின குரல், ஏறினால் தெருவுக்குக் கேட்கும். "உங்க யாருக்குமே இது ஒரு எழுத்து, ஒரு பேர். பத்தொன்பது நாள் இதே கூடத்துல உட்கார்ந்து யாருக்குமே இல்லாத பேரைத் தேடினோமே, அது கிடைச்சுதா? பேர்தானேன்னு அன்னிக்கு யாராவது ஒரு பேரை வச்சிருக்கலாம்ல? வாயில வந்த ஏதோ ஒண்ணு. அவளும் ஒரு தடவை அதைக் கேட்டிருப்பா. எவளோ ஒருத்தி மாதிரி பேபி ஆஃப்னு சொல்லி அவளை உள்ள கூட்டிட்டுப் போனாங்க. அது என் பேரு. அவ பேரு இல்ல."

மாமனார் டிவியை அணைத்தார். அண்ணி கைப்பையின் ஜிப்பை மூடித் திறந்து மூடினார்.

"அதை ஏன் இப்ப இழுக்கற" என்றார் என் கணவர், மெதுவாக.

"நான் இழுக்கல. அது இங்கதான் இருக்கு. நீங்கதான் மூணு வருஷமா சுத்திச் சுத்திப் போறீங்க."

குழந்தை விழித்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள். நான் உள்ளே போய் அவளுக்குப் பால் கொடுத்தேன். கோபத்தில் காலை ஆட்டிக்கொண்டே இருந்தேன், அவளுக்கு அது ஆட்டி விடுவதுபோல இருந்தது போலிருக்கிறது, தூங்கிவிட்டாள். திரும்பி வந்தபோது அண்ணி போயிருந்தார். மேசையில் பச்சை மைச் சீட்டும் இல்லை. அவரே எடுத்துக்கொண்டு போயிருப்பார் என்று நினைத்தேன், அந்த அளவுக்கு எனக்கு அவர்மேல் மரியாதை மிச்சம் இருந்தது.

திங்கட்கிழமை போனோம். பதிவு அலுவலகம் மூன்றாம் மாடியில். லிஃப்ட் வாசலில் ஒரு நாற்காலியைக் குறுக்கே போட்டு, பழுது என்று அட்டை மாட்டியிருந்தார்கள். ழ சரியாகவே எழுதியிருந்தது. என் கணவர் தன் பழக்கத்தில் லிஃப்ட் கதவின் இடுக்கில் கண்ணை வைத்துப் பார்த்தார்.

"ரோப்பு தளர்ந்திருக்கு" என்றார்.

"வந்த வேலையைப் பாருங்க."

குழந்தையைத் துண்டில் சுற்றித் தோளில் போட்டுக்கொண்டு நான் முன்னால் ஏறினேன். தையல் ஆறியிருந்தாலும் இரண்டாம் மாடியில் இழுத்துப் பிடித்தது. குடு, நான் தூக்கிக்கறேன் என்றார். கொடுக்கவில்லை. அவர் கையில் எதையும் நம்பிக் கொடுக்கும் நிலையில் நான் இல்லை.

வரிசையில் பதினோரு பேர். உட்கார ஒரு பெஞ்சுதான், அதில் ஏற்கெனவே நான்கு பேர் அரைப் பக்கமாக உட்கார்ந்திருந்தார்கள். ஒரு பெண் நகர்ந்து எனக்கு இடம் கொடுத்தாள். "பாப்பா பேர் என்ன?" என்று கேட்டாள். நான் சொன்னேன். அவளும் அந்த எழுத்தைச் சொல்லிப் பார்த்துவிட்டுச் சிரித்தாள், ஆனால் கேலியாக இல்லை.

எங்கள் முறை வந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த எழுத்தர் ஐம்பது வயதுக்காரர். விரல் நுனியை ஈர ஸ்பாஞ்சில் தொட்டுத் தொட்டுத் தாளைப் புரட்டினார். சான்றிதழைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். தோளில் கிடந்த குழந்தையைப் பார்த்தார்.

"இதுல என்னம்மா தப்பு?"

"எழுத்து சார்."

"இந்த ஃபாரத்தை நிரப்புங்க. இந்தக் கட்டத்துல சரியான பேர். கீழ ரெண்டு பேரும் கையெழுத்து. அப்பா குடுத்தது தப்பாப் போயிருக்கு, அதனால அப்பாதான் எழுதணும். அடையாள அட்டை குடுங்க."

என் கணவர் பர்ஸைத் திறந்தார். அடையாள அட்டையை உருவினபோது அதோடு ஒட்டிக்கொண்டு ஒரு துண்டுத் தாள் வெளியே வந்து கண்ணாடிக்கு முன்னால் விழுந்தது. கடை முகவரி. பச்சை மை. நாலாக மடிக்கவில்லை, கசங்கவில்லை, ஈரம் படவில்லை. நான் எழுதின சீட்டுக்குச் சட்டைப் பை, அக்கா எழுதின சீட்டுக்குப் பர்ஸ்.

"இது எதுக்கு?" என்றேன்.

"அக்கா குடுத்தா. வேண்டாம்னு சொல்ல முடியல. சும்மா வச்சிருந்தேன்."

"சும்மா வச்சிருந்தா அட்டைக்குள்ள எதுக்கு வச்சீங்க?"

பெஞ்சில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும். இன்னும் ஒரு வார்த்தை அவர் பேசியிருந்தால் நான் அங்கேயே ஃபாரத்தைக் கிழித்திருப்பேன். ஆனால் எழுத்தர் குறுக்கே பேசிவிட்டார். சான்றிதழில் இருந்த என் அடையாள எண்ணைத் தட்டிவிட்டுத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உங்க பேர்ல ரெண்டு பெண் குழந்தை காட்டுதேம்மா. ஒண்ணு இது. இன்னொண்ணு மூணு வருஷத்துக்கு முன்னாடி. அதுல பேர் கட்டம் காலியா இருக்கு. வந்ததே வந்தீங்க, அதையும் சேர்த்தே போட்டுடலாம். ஸ்கூலுக்குப் போற வயசு ஆச்சே, அப்புறம் அலைவீங்க. அந்தப் பாப்பாவை என்ன பேர் சொல்லிக் கூப்பிடறீங்க?"

அவர் நல்ல மனசோடுதான் கேட்டார். திரையில் இறந்த விவரம் வராது. அது வேறு அலுவலகம், வேறு பதிவேடு.

என் கணவர் கண்ணாடித் தடுப்பில் கையை ஊன்றிக்கொண்டார். எழுத்தர் திரையை எங்கள் பக்கம் லேசாகத் திருப்பினார். பிறந்த தேதி இருந்தது. நேரம் இருந்தது. எடை இருந்தது. அப்பா பேர், என் பேர். குழந்தையின் பெயர் என்ற இடத்துக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைக் கட்டம்.

"கூப்பிடலை சார்" என்றேன்.

"என்னம்மா?"

"பத்தொன்பது நாள்தான் இருந்தா. யாரும் அவளைப் பேர் சொல்லிக் கூப்பிடலை. நல்ல பேரா தேடிட்டே இருந்தோம்."

எழுத்தர் கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டார். "இதுல தெரியாதும்மா, தெரிஞ்சிருந்தா கேட்டிருக்க மாட்டேன்" என்றார். பிறகு, "இப்பவும் சேர்க்கலாம். அதுக்கு விதி இருக்கு. விருப்பம்னா எழுதிக் குடுங்க."

"எழுதலாமா?" என்று கேட்டார் என் கணவர். என்னைப் பார்த்துக் கேட்டார். அவர் கண் கலங்கியிருந்தது. அதைப் பார்த்தும் என் மனசு இளகவில்லை.

"எதை எழுதுவீங்க? அந்தச் சீட்டுல இருக்கறதையா?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"வேண்டாம் சார்" என்று எழுத்தரிடம் சொன்னேன். "பேர் கூப்பிடறதுக்குத்தான். கூப்பிட்டா திரும்பிப் பார்க்க ஆள் வேணும். அது காலியாவே இருக்கட்டும். எங்க வீட்ல நாலு பேரும் உட்கார்ந்து அவளுக்கு வச்சது அதுதான். நானும் சேர்ந்துதான் வச்சேன்."

எழுத்தர் திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். பின்னால் வரிசையில் யாரும் அவசரப்படுத்தவில்லை. நூலில் கட்டின பேனா கண்ணாடிக்கு முன்னால் தொங்கிக்கொண்டிருந்தது.

என் கணவர் அதை எடுத்தார். ஃபாரத்தைத் தொடவில்லை. கண்ணாடிக்கு முன்னால் கிடந்த அக்காவின் சீட்டை எடுத்து, பச்சை மை உள்பக்கம் போகும்படி கவிழ்த்து வைத்தார். வெறுமையாக இருந்த பின்பக்கத்தில் வா என்று எழுதினார். அப்புறம் பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். பள்ளிக்கூடத்தில் எழுதின எழுத்துதான், கை மறந்திருக்காது. சுழித்து, கீழே இறக்கி, மெதுவாக ழி போட்டார். என் முகத்தைப் பார்த்தார். நான் தலையாட்டவில்லை. தப்பானாலும் சரியானாலும் இந்தத் தடவை அவரே பார்த்து எழுதட்டும் என்று பேசாமல் நின்றேன்.

இன்னொரு தடவை எழுதினார். இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தார். லிஃப்டில் வேலை முடிந்த பிறகு ஒவ்வொரு நட்டாகத் தட்டிப் பார்ப்பார் என்று அவரோடு வேலை செய்கிறவர்கள் சொல்லியிருக்கிறார்கள். அப்படிப் பார்த்துவிட்டு, ஃபாரத்தை இழுத்துக் கட்டத்துக்குள் எழுதினார். வாழி. கீழே கையெழுத்துப் போட்டார். நான் படித்துப் பார்த்தேன், ஒரு தடவை இல்லை, மூன்று தடவை. அப்புறம்தான் என் கையெழுத்தைப் போட்டேன்.

எழுத்தர் வாங்கிப் படித்தார். "ழ-வா? சரி. வாரக் கடைசியில வந்து வாங்கிக்குங்க." தட்டச்சு செய்துவிட்டுத் திரையை மறுபடியும் எங்கள் பக்கம் திருப்பிக் காட்டினார், நாங்கள் கேட்காமலே. சரியாக இருந்தது.

வெளியே வந்து படி இறங்க ஆரம்பித்தோம். அண்ணியின் சீட்டு அங்கேயே கிடந்தது, இவர் எடுத்துக்கொண்டு வரவில்லை. அதற்காக என் கோபம் தணிந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். மூன்று வருஷக் கோபம் ஒரு ஃபாரத்தில் தீராது.

இரண்டாம் மாடித் திருப்பத்தில் எனக்கு வயிறு இழுத்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் இரண்டு கையையும் நீட்டினார்.

"குடு, நான் வச்சுக்கறேன். நீ கைப்பிடியைப் புடிச்சு இறங்கு."

"யாரைக் குடுக்கணும்?"

"குழந்தையை." அதுவும் குளந்தை என்றுதான் வந்தது.

"அவளுக்குப் பேர் இருக்கு."

அவர் நின்றார். மேலே ஏறிக்கொண்டிருந்த இரண்டு பேர் எங்களைச் சுற்றிக்கொண்டு போனார்கள்.

"வாளி."

"அது குழாயடியில இருக்கு."

உதட்டை ஈரப்படுத்திக்கொண்டார். நாக்கை மேலே மடித்தார், அது தெரிந்தது. "வால்..." என்று வந்தது. நிறுத்திவிட்டார். நாற்பது வயது மனிதர், கையில் கிரீஸ் ரேகை, நட்ட நடுப் படிக்கட்டில் வாயைத் திறந்துகொண்டு நின்றார். மேலிருந்து இறங்கி வந்த அந்த பெஞ்சுப் பெண் பார்த்துவிட்டு வேகமாகக் கடந்து போனாள். நான் நகரவில்லை. வீட்டுக்குப் போக எனக்கு எந்த அவசரமும் இல்லை.

"வாழ்" என்றார். மூச்சு விட்டார். "வாழி."

தோளில் கிடந்தவள் புரண்டு தலையைத் திருப்பினாள். குரல் கேட்டுத் திரும்பினாளோ, கழுத்து வலித்துத் திரும்பினாளோ.

நான் இன்னும் குழந்தையைக் கொடுக்கவில்லை.

"இன்னொரு தடவை" என்றேன்.